நெஞ்சுவலிக்குத் தவணை சொல்லலாமா?



வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, கடை வாடகை என்று நம் தொழிலைப் பற்றியே பேசிவரும் இந்தப் பக்கத்தில் இம்முறை மாரடைப்பைப் பற்றி எழுதுகிறோம். மருத்துவர்கள் பேச வேண்டிய விஷயம் சங்க இதழில் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு மளிகைக் கடைக்காரர் திடீரென மறைந்தால், கடையில் உள்ள சரக்கு, ஊரில் நிற்கும் பாக்கி, மண்டிக்குக் கொடுக்க வேண்டிய பணம் எல்லாம் ஒரே நாளில் அவர் மனைவி மக்கள் தலையில் விழுகின்றன. ஆகவே இது நம் தொழில் விஷயமும்தான்.

நாம் சொல்ல வருவது ஒன்றே. மாரடைப்பில் இரத்தக் குழாயை அடைக்கும் கட்டியைக் கரைக்கும் மருந்து, ஒரு காலத்தில் பெரிய நகரத்து மருத்துவமனையில், இதயம் வரை குழாய் செலுத்தித்தான் கொடுக்கப்பட்டது. இன்று அதே வேலையைச் செய்யும் மருந்தைக் கை நரம்பிலேயே ஏற்றிவிடலாம். மருந்து நம்மை நோக்கி வெகுதூரம் வந்துவிட்டது. நாம் அதை நோக்கிப் புறப்படத்தான் தாமதம் செய்கிறோம்.

கடைத்தெருவில் வழக்கமாக நடப்பது என்ன? காலை வியாபார நேரத்தில் நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தாற்போல் அழுத்துகிறது. இடது தோளுக்கோ தாடைக்கோ வலி போகிறது. சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. கடைக்காரர் என்ன சொல்கிறார்? "ராத்திரி சாப்பிட்ட பரோட்டா செரிக்கவில்லை, வாயு." உடனே பையன் ஓடிப்போய் சோடா வாங்கி வருகிறான். ஓமத்தண்ணீர் வருகிறது. பக்கத்துக் கடைக்காரர் வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்று தருகிறார். "லோடு இறங்கட்டும், பிறகு பார்க்கலாம்", "வசூலுக்கு ஆள் வருகிறார், கொடுத்துவிட்டுப் போகலாம்", "மாலை மகன் வந்ததும் போகலாம்" என்று வலிக்குத் தவணை சொல்லப்படுகிறது. கடன்காரன் தவணைக்கு ஒப்புவான். அடைபட்ட இரத்தக் குழாய் ஒப்பாது.

இதயமும் ஒரு தசைதான். அந்தத் தசைக்கே இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கிறது. வெடித்த இடத்தில், வெட்டுக்காயத்தில் இரத்தம் உறைவதுபோல் உறைந்து ஒரு கட்டி உண்டாகிறது. குழாய் முழுவதும் அடைபட்டால் அதற்கு அப்பால் உள்ள தசை பட்டினி கிடக்கிறது. அரைமணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்கும். நேரம் போகப்போகச் சாகும் பகுதி பெரிதாகும். செத்த தசை மீண்டும் முளைப்பதில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தால் வெங்காயப் பட்டறையை மூட நாம் எப்படி ஓடுகிறோம்? நனைந்தபின் தார்ப்பாய் போட்டு என்ன பயன்?

இந்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தின் கதை 1933-இல் தொடங்குகிறது. தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி, உறைந்த மனித இரத்தத்தைக் கரைக்கிறது என்று அமெரிக்காவில் டில்லட், கார்னர் என்ற இருவர் கண்டறிந்தனர். அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். ஆனால் இதயக் குழாய்க் கட்டியைக் கரைக்க அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது பல காலம் தெளிவாகவில்லை. மாரடைப்புக்குக் காரணம் கட்டியா, அல்லது மாரடைப்பு வந்தபின் கட்டி உண்டாகிறதா என்றே மருத்துவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

1976-இல் சோவியத் நாட்டின் எவ்கெனி சாசோவ் குழுவினர், கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை இரத்தக் குழாய் வழியே இதயம் வரை செலுத்தி, அடைபட்ட இடத்திலேயே கரைக்கும் மருந்தைக் கொடுத்ததை வெளியிட்டனர். 1979-இல் மேற்கு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பீட்டர் ரென்ட்ராப் அதே வழியில் ஸ்ட்ரெப்டோகைனேஸைச் செலுத்தி, அடைபட்ட குழாய் திறப்பதைப் படம் பிடித்தே காட்டினார். 1980-இல் அமெரிக்க மருத்துவர் டிவுட் குழுவினர், மாரடைப்பு தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் பரிசோதிக்கப்பட்டவர்களில் 87 சதவீதம் பேருக்கு இதயக் குழாய் முழுவதும் அடைபட்டிருந்ததைக் காட்டினர். கட்டிதான் குற்றவாளி என்பது அதோடு உறுதியாயிற்று.

ஆனால் குழாய் வழி வைத்தியத்தில் ஒரு சங்கடம் இருந்தது. அதற்கென்று தனி எக்ஸ்ரே அறை வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவர் வேண்டும். நடுராத்திரியிலும் ஆட்கள் தயாராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மருத்துவமனைகள் உலகத்திலேயே அன்று குறைவு. ஏற்பாடுகள் முடிவதற்குள் தசை செத்துக்கொண்டிருக்கும். ஆகவே மருத்துவர்கள் வேறுவிதமாக யோசித்தார்கள். மருந்தை இதயம் வரை கொண்டுபோக வேண்டாம், கை நரம்பிலேயே ஏற்றுவோம், இரத்தமே அதை இதயத்துக்குக் கொண்டுபோகட்டும் என்றார்கள்.

இத்தாலி நாட்டில் 11,806 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. முடிவு 1986-இல் வெளிவந்தது. ஊசி போடாதவர்களில் 100-க்கு 13 பேர் 21 நாட்களுக்குள் இறந்தனர். போட்டவர்களில் இறந்தவர்கள் 10.7. வித்தியாசம் இவ்வளவுதானா என்று எண்ண வேண்டாம். வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது, 15.4 ஆக இருந்த இறப்பு 8.2 ஆகக் குறைந்திருந்தது. ஏறக்குறையப் பாதி! ஒரே மருந்து, ஒரே அளவு. நேரம்தான் வேறு.

1988-இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில் 17,187 பேர் இடம்பெற்றனர். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் சாதாரண ஆஸ்பிரின் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில், ஐந்து வாரத்தில் இதய, இரத்தக் குழாய்க் கோளாறால் இறந்தவர்கள் 100-க்கு 8 பேர். இரண்டும் கொடுக்கப்படாதவர்களில் 13 பேர். அந்த ஆஸ்பிரினை எந்த மருந்துக் கடையிலும் சில்லறைக் காசுக்கு வாங்கலாம்.

இனி நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். வரவு செலவு பார்ப்பதில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் சேர்ந்த 20,468 இதய நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிய ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வாசலை மிதிக்க நடுத்தரமாக ஆன நேரம் 360 நிமிடம். மருத்துவமனைக்குள் வந்தபின் கட்டி கரைக்கும் ஊசி போட ஆன நேரம் 50 நிமிடம். நன்றாகக் கவனியுங்கள். 50 நிமிடம் மருத்துவமனையின் கணக்கு. ஆறு மணி நேரம் வீட்டின் கணக்கு, கடையின் கணக்கு, வண்டி தேடியதின் கணக்கு. அரசு மருத்துவமனையில் கவனிப்பதில்லை என்று நாம் குறை சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். நம் பேரேட்டில் எழுத வேண்டிய 360 நிமிடத்தை யார் பேரில் எழுதுவது?

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. ஏழைகளில் 100-க்கு 8.2 பேர் 30 நாட்களுக்குள் இறந்தனர். வசதி படைத்தவர்களில் 5.5. இந்த வித்தியாசம் நோயால் வந்தது அல்ல, ஏழைகளுக்குச் சிகிச்சை குறைவாகக் கிடைத்ததால் வந்தது என்று ஆய்வாளர்கள் கண்டனர். சிறு வியாபாரி, மூட்டை தூக்கும் தொழிலாளி, கடைப்பையன் எல்லோரும் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது நமக்குத் தெரியும்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். கோவையைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையைச் சேர்ந்த டாக்டர் அஜித் முல்லசாரியும் முன்னின்று, நான்கு பெரிய மருத்துவமனைகளையும் அவற்றைச் சுற்றியுள்ள 35 சிறிய மருத்துவமனைகளையும் ஒரே வலையாக இணைத்தனர். சின்ன மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுப்பார்கள். மாரடைப்பு என்றால் அங்கேயே ஊசி போடுவார்கள். பிறகு ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே குழாய் செலுத்திப் பார்த்து, தேவையானால் பலூன் வைத்து விரித்து ஸ்டென்ட் பொருத்துவார்கள். 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளைப் பார்த்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். இந்த ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 100-க்கு 17.6. ஏற்பாட்டுக்குப் பின் 14.2. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததை ஒழுங்காக இணைத்தார்கள், அவ்வளவுதான். மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் சேர்ந்து சரக்கை ஊர் ஊராகக் கொண்டுபோவது போலத்தான் இதுவும்.

2023 ஜூன் மாதம் தமிழக அரசு "இதயம் காப்போம்" திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் நெஞ்சுவலியுடன் வருபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 ஆக 14 மாத்திரைகளை உடனே கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த மாத்திரைகள் கட்டி மேலும் பெருகாமல் தடுக்கும். ஏற்கெனவே முற்றாக அடைத்துவிட்ட கட்டியைக் கரைக்க ஊசி வேண்டும், அல்லது குழாய் வழிச் சிகிச்சை வேண்டும். மாத்திரை போட்டதும் வலி குறைந்துவிட்டது என்று கடைக்குத் திரும்பிவிடுவது பெரிய ஆபத்து.

இப்போது நம் செட்டிகுளத்துக்கு வருவோம். இங்கிருந்து பெரம்பலூர் சுமார் இருபது கிலோமீட்டர். திருச்சி நாற்பதுக்கு மேல். நெஞ்சுவலி என்றால் வசதியுள்ளவர் வீட்டில் காரை எடுத்து நேராகத் திருச்சிக்கு விரட்டுகிறார்கள். பெரிய டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி என்ற நம்பிக்கை. இது சரியா?

பாதி சரி. அடைபட்ட குழாயை பலூன் வைத்துத் திறப்பதுதான், உரிய நேரத்தில் செய்தால், ஊசியைவிடச் சிறந்தது. இதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மாரடைப்பு என்று இ.சி.ஜி.யில் தெரிந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அதைச் செய்து முடிக்க முடியாது என்றால், காத்திராமல் ஊசியைப் போட்டுவிட வேண்டும், அதுவும் பத்து நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் விதி. வண்டி பிடிக்க ஒரு நேரம், நெடுஞ்சாலையில் ஒரு நேரம், பதிவு, பரிசோதனை, பணம் கட்ட ஒரு நேரம், இரவானால் ஆட்கள் வந்து சேர ஒரு நேரம் என்று கூட்டிப் பாருங்கள். இரண்டு மணி நேரம் எங்கே நிற்கும்?

எனவே நம் கருத்து இது. முதலில் அருகிலுள்ள, இ.சி.ஜி. எடுக்கக்கூடிய மருத்துவமனை. அதைப் படித்த மருத்துவர், இங்கேயே ஊசியா அல்லது திருச்சிக்கா என்று முடிவு செய்யட்டும். அனுப்புவதானால் அங்கே முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி அனுப்பட்டும். அந்த முடிவைக் காரோட்டியும் மைத்துனரும் எடுக்கக் கூடாது. 2013-இல் வெளியான 1,892 பேர் ஆய்வில், வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்டுக்கொண்டு பிறகு குழாய்ப் பரிசோதனைக்குப் போனவர்களும், நேராகக் குழாய்ச் சிகிச்சைக்குப் போனவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நலம் பெற்றனர். ஊசியோடு நின்றுவிடவும் கூடாது. எல்லோருக்கும் அது கட்டியை முழுவதும் கரைப்பதில்லை. கரைந்தாலும் 24 மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனையில் குழாய்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கட்டி இருக்குமிடத்தில் குழாய் வழியே மருந்தைச் செலுத்தும் பழைய முறை என்னவாயிற்று என்று சிலர் கேட்கலாம். பலூனும் ஸ்டென்டும் வந்தபின் அது பின்னுக்குப் போய்விட்டது. கட்டி மிக அதிகமாக உள்ள சிலருக்கு இன்றும் மருத்துவர்கள் அதைக் கையாள்கிறார்கள். ஸ்டென்ட் வைக்கும்போதே எல்லோருக்கும் சிறு அளவில் அப்படி மருந்து கொடுத்தால் கூடுதல் பயன் உண்டா என்று பிரிட்டனில் 440 பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். பயன் தெரியவில்லை. ஆகவே "குழாய் வழியாக மருந்து கொடுக்கும் ஊருக்குத்தான் போவேன்" என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஊசியில் ஆபத்தே இல்லையா? உண்டு. கட்டியைக் கரைக்கும் மருந்து வேறு இடத்தில் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம். ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு மூளையில் கசிவு நேரலாம். முன்பு மூளையில் இரத்தக் கசிவு வந்தவர், அண்மையில் பெரிய அறுவை செய்துகொண்டவர், இரத்த அழுத்தம் மிக அதிகமாக உள்ளவர் போன்றோருக்கு இதைத் தவிர்ப்பார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸை ஒருமுறை போட்டுக்கொண்டவருக்கு மறுமுறை வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால்தான் நோயாளியின் பழைய விவரம் கையில் இருக்க வேண்டும் என்கிறோம். உரியவருக்கு உரிய நேரத்தில் போட்டால் இலாபம் நட்டத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

மருந்தின் விலையும் ஒரு காரணம் அல்ல. ஸ்ட்ரெப்டோகைனேஸ் நம் நாட்டிலேயே தயாராகிறது. சொட்டுச் சொட்டாக அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டிய மருந்து அது. டெனெக்டிப்ளேஸ் என்ற புதிய மருந்தோ, உடல் எடைக்கேற்ப ஒரே ஊசியாகச் சில விநாடிகளில் போடக்கூடியது. விலை கூடுதலானாலும் அதுவும் இந்தியாவில் தயாராகிறது.

இனி நமது சங்கம் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம்.

முதலாவது, சங்க நிர்வாகிகள் நேரில் சென்று சுற்றுவட்டாரத்து மருத்துவமனைகளில் நான்கு கேள்விகள் கேட்டு வர வேண்டும். இரவிலும் இ.சி.ஜி. உண்டா? அதைப் பார்த்துச் சொல்ல மருத்துவர் இருக்கிறாரா? கட்டி கரைக்கும் ஊசி இருப்பில் இருக்கிறதா? மேல் சிகிச்சைக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்? பதில்களை ஒரு அட்டையில் அச்சிட்டு, 108 எண்ணுடன் ஒவ்வொரு கடையிலும் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

இரண்டாவது, பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் இருவராகப் பொறுப்பேற்க வேண்டும். ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அவர் கல்லாவைப் பூட்டிச் சாவியை வீட்டில் சேர்ப்பது மற்றவர் கடமை. "கடையை யார் பார்ப்பது" என்ற கேள்விதான் நம்மில் பலரை நாற்காலியை விட்டு எழவிடாமல் செய்கிறது. அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் இருக்கட்டும். வலியோடு தானே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போவதை மட்டும் யாரும் அனுமதிக்கக் கூடாது.

மூன்றாவது, ஒவ்வொரு உறுப்பினரும் தமது இரத்த அழுத்தம், சர்க்கரை, உண்ணும் மாத்திரைகள், ஒவ்வாமை, முன்பு செய்த அறுவை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பழைய இ.சி.ஜி. நகலோடு கல்லாவில் வைத்திருக்க வேண்டும். சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வை, மூச்சுத்திணறல், களைப்பு என்றும் மாரடைப்பு வரலாம். பெண்களுக்கும் அப்படி வருவதுண்டு. கடையில் பாதி வேலையைப் பார்க்கும் நம் வீட்டுப் பெண்கள் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் அதையும் அப்படியே விட்டுவிடக் கூடாது.

நான்காவது, சங்கத்தில் ஓர் அவசர நிதி. அன்றைய இரவுச் செலவுக்கு உடனே கொடுத்து, பிறகு தவணையில் திரும்பப் பெறும் வகையில் அமைக்கலாம். இங்கே தவணை சொல்வதில் தவறில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்குத் தகுதியுள்ள கடைப்பணியாளர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் அதை வாங்கித் தருவதும் சங்கத்தின் வேலையே. 1989-இல் அமைந்த வணிகர் நல வாரியம் உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு நிதி தருகிறது. அதை நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் அந்தத் தொகையை வாங்க வேண்டிய நிலை வராமல் பார்ப்பதே நமக்குப் பெருமை.

ஐந்தாவது, ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தில் கடைகளை அடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். அதே வாரத்தில் ஒருநாள் உறுப்பினர், பணியாளர், சுமைதூக்குவோர் எல்லோருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. பரிசோதனை நடத்தலாம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். மாத்திரை சுகாதார நிலையம் வரை வந்துவிட்டது. ஊசியும், இ.சி.ஜி.யை உடனே படித்துச் சொல்லும் ஏற்பாடும் வட்ட அளவிலான மருத்துவமனைகளில் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்க வேண்டும். எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை மக்கள் அறியும்படி பலகையில் எழுதி வைக்க வேண்டும். சரக்கு இருப்பையும் விலையையும் கடை வாசலில் எழுதி வைக்கச் சொல்லும் அரசிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

வெங்காயம் விலை ஏறும், இறங்கும். போன வாடிக்கையாளர் திரும்பி வருவார். இன்று விற்காத மூட்டை நாளை விற்கும். நெஞ்சுவலி வந்த முதல் மணி நேரம் மட்டும் திரும்பி வராத சரக்கு. கல்லாவைப் பூட்ட இரண்டு நிமிடம் போதும். பூட்டிவிட்டுப் புறப்படுங்கள். கடையைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.